லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வரை எபெரானுக்கு மாற்ற எங்கே கைவைக்கணும்?

பகடைப்பித்தன்:
டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (D&D) விளையாட்டின் 2014 ஸ்டார்டர் செட்டில் வந்த இந்தச் சாகசத்தை நடத்தப் போறேன். ஆனா குழு கேரக்டர் போட்டிருக்கிறது D&D-யின் இன்னொரு கற்பனை உலகமான எபெரானுக்கு: ஒரு வார்ஃபோர்ஜ்ட் (போருக்காகச் செய்த உயிருள்ள இயந்திர வீரன்) ஃபைட்டர், கோப்லின் ரோக் (திருடன்), டோல் அர்ரா தெய்வத்தை வணங்கும் கிளெரிக் (பூசாரி), ஆர்டிஃபிசர் (மந்திரக் கருவி செய்பவர்). ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினா போதுமா? முதல் காட்சியே கோப்லின் பதுங்கித் தாக்குவது. எங்க ரோக்கும் கோப்லின், அதுதான் இடிக்குது.

எல்லைக்காவலன்:
பெயரை மட்டும் மாற்றினா மூணாவது செஷனில் சிக்கல் வரும். எபெரானில் கோப்லின்களுக்கு டார்கூன்னு சொந்த நாடே இருக்கு. எபெரான் ஆண்டுக் கணக்கில் 969-இல் ஹாரூக் அமைச்சது, கடைசிப் போரை முடிச்ச 996 த்ரோன்ஹோல்ட் ஒப்பந்தத்தில் மற்ற நாடுகளும் ஏத்துக்கிட்டாங்க. ரோட்டோரம் நாலு கோப்லினை வெட்டிட்டு யாரும் கேள்வி கேட்காம போக முடியாது.

இதுக்கு வழி இடத்திலேயே இருக்கு. சாகசத்தின் ஊரான ஃபாண்டலினைக் கிழக்கு ப்ரேலாண்ட் நாட்டில், ஸ்டெர்ன்கேட் கோட்டைக்கு வடக்கே, சீவால் மலை அடிவாரத்தில் வைங்க. அந்தப் பக்கம் மார்கூல் பக்பேர் (கோப்லினுக்கு உறவான பெரிய உருவ இனம்) கூட்டம் உண்டு, ஹாரூக் பேச்சை அரைகுறையாத்தான் கேட்கும். பதுங்கித் தாக்குற க்ரேக்மா கோப்லின் கூட்டத்தை மார்கூல் கூட்டமா மாற்றிடுங்க. குகைத் தலைவன் க்ளார்க் ஏற்கெனவே பக்பேர், அவனைத் தொடவே வேண்டாம். கீழே இருக்கிற கோப்லின்கள் அவன் பிடிச்சு வச்ச அடிமைகள். உங்க ரோக் தாய்மொழியில் பேசினா பாதிப் பேர் ஆயுதத்தைப் போட்டுடுவாங்க.

பதுங்கித் தாக்கும் இடத்தில் ரெண்டு செத்த குதிரை, கறுப்பு இறகு அம்பு, காலியான தோல் வரைபட உறை கிடக்கும். அந்த உறையில் ஒரு மேன்டிகோர் முத்திரை போடுங்க. அது குண்டராக் குடும்பத்தின் சின்னம், வங்கிக்காரக் குள்ளர்கள். குழுவை வேலைக்கு வச்சு, வழியில் கடத்தப்பட்ட குள்ளன் கண்ட்ரன் அவங்ககிட்ட கடன் வாங்கித்தான் சுரங்கம் தேடினான்னு நீங்க வாய் திறக்காமலே தெரிஞ்சுடும்.

ஒண்ணு மறந்துடாதீங்க: ஃபாண்டலினில் ஸிவிஸ் குடும்பத்தின் செய்தி நிலையம் இருக்கவே கூடாது. இருந்தா ஆள் கடத்தலை முதல் நாளே மேலே சொல்லிடுவாங்க, கதை படுத்துடும்.

ஏழாம்முத்திரை:
இடம் சரி. ஆனா பெரிய ஓட்டை வில்லன்கிட்ட இருக்கு. நெஸ்னார் ஒரு ட்ரௌ (இருண்ட எல்ஃப்). எபெரானில் ட்ரௌ வாழ்றது கடல் தாண்டி ஜென்ட்ரிக் கண்டத்தில். அங்கிருந்து ஒருத்தன் இந்தப் பட்டிக்காட்டுக்கு ஏன் வரணும்? அவனை மந்திரக் கருவி செய்யும் கேனித் குடும்பத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு மந்திரவாதி ஆக்குங்க. அவனோட உருமாறும் ஆட்களான டாப்பல்கேங்கர்கள் இடத்தில், எபெரானின் உருமாறும் இனமான சேஞ்ச்லிங் ஒற்றர்கள். ஸ்டாட் ப்ளாக் (ஆட்ட எண்கள்) எதையும் மாற்ற வேண்டாம்.

சுரங்கத்தின் காலமும் மாறணும். புத்தகத்தில் 500 வருஷத்துக்கு முன்னாடி ஓர்க் படை அழிச்சது. எபெரானில் அது ஒன்றுபட்ட காலிஃபர் ஆட்சியின் நடுக்காலம், அதோட இங்கே ஓர்க்னாலே சூறையாடும் கூட்டம்னு கிடையாது. நான் அதைக் காலிஃபர் உடைஞ்சு நடந்த கடைசிப் போருக்குள்ளேயே இழுப்பேன். சுரங்கத்துக்குள் இருக்கிற மந்திர உலையான ஃபோர்ஜ் ஆஃப் ஸ்பெல்ஸ், என் பதிப்பில் கேனித் மறைச்சு வச்ச, வார்ஃபோர்ஜ்ட் செய்யும் உலை. அப்படிப்பட்ட உலைகளை ஒப்பந்தம் தடை பண்ணிடுச்சு, அதனாலதான் எல்லாரும் தேடுறாங்க. உள்ளே நடமாடும் பிணங்களுக்கு ப்ரேலாண்ட், சைர் சீருடை மாட்டுங்க. காவல் நிற்கும் ஸ்பெக்டேட்டர் என்ற பல கண் ராட்சசனுக்குப் போர் முடிஞ்சதே தெரியாது. உங்க வார்ஃபோர்ஜ்ட் தான் பிறந்த உலைமுன்னாடி நிக்கலாம், அதை மட்டும் முன்கூட்டியே வாய்விட்டுடாதீங்க.

சின்னச் சின்ன மாற்றம்: லைட்பிரிங்கர் கதாயுதம் புத்தகத்தில் லதாண்டர் தெய்வத்துக்குரியது, டோல் அர்ராவுக்குக் கொடுத்துடுங்க. ஓல்ட் அவுல் வெல்லில் இருக்கிற தேய் நாட்டு மந்திரவாதியை எமரால்ட் க்ளா (பிணங்களை எழுப்பும் கூட்டம்) ஆள் ஆக்குங்க. ஃபாண்டலினில் சுரங்க வணிகத்தை நடத்துற ஹாலியா தார்ன்டனைப் பணக்காரர்களின் ரகசிய ஔரம் சங்கத்தில் சேருங்க. ஊரை மிரட்டும் ரௌடிக் கூட்டமான ரெட்பிராண்ட்ஸ் போர் முடிஞ்சு வேலையில்லாத சிப்பாய்கள், அப்படியே பொருந்தும்.

பகடைப்பித்தன்:
அருமை. பாழடைஞ்ச ஊரான தண்டர்ட்ரீயையும், அங்கே இருக்கிற பச்சை டிராகன் வெனம்ஃபாங்கையும் என்ன பண்றது? ஊரை, போரில் அழிஞ்ச சைர் நாடான மோர்ன்லாண்ட் ஓரத்தில் வைக்கலாம்னு யோசிச்சேன்.

எல்லைக்காவலன்:
வேண்டாம், மோர்ன்லாண்டை இவ்வளவு தெற்கே இழுத்தா வரைபடம் கிழியும். போரில் எரிஞ்ச ஊர், அவ்வளவுதான். எரிமலைச் சாம்பல் இடத்தில் போர்ச் சாம்பல், சாம்பல் ஜாம்பிகள் அப்படியே இருக்கட்டும்.

டிராகன்தான் யோசிக்கணும். கதை நடக்கும் கோர்வேர் கண்டத்தில் டிராகன் தெரிஞ்சாலே பெரிய செய்தி, நிறத்தை வச்சுக் குணத்தையும் சொல்ல முடியாது. வெனம்ஃபாங்கை டிராகன்களின் கண்டமான ஆர்கனெஸனிலிருந்து வந்து வேவு பார்க்கிற இளம் டிராகன் ஆக்கினா பேரம் பேச இடம் கிடைக்கும்.

சண்டையானா கணக்கு இது: 136 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஏசி (தற்காப்பு எண்) 18, விஷ மூச்சு சராசரி 42, சேவ் டிசி (தாக்குதலைச் சமாளிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 14. மூணாம் லெவல் கிளெரிக் ஒரே மூச்சில் விழுவார். வார்ஃபோர்ஜ்டுக்கு விஷ டேமேஜில் ரெசிஸ்டன்ஸ் (பாதி சேதம்தான்), அதனால் சேவ் தவறினா 21, ஜெயிச்சா 10. ‘பாய்சன்ட்’ நிலைக்கு எதிரான அட்வான்டேஜ் (ரெண்டு பகடை போட்டு நல்லதை எடுப்பது) இந்த சேவுக்குப் பொருந்தாது, ஆட்டக்காரர் கேட்பார், முதல்லயே சொல்லிடுங்க. பாதி ஹிட் பாயிண்ட் போனதும் டிராகன் பறந்து ஓடணும்.

ஏழாம்முத்திரை:
வரைபடம்னதும் ஞாபகம் வந்தது. புத்தக வரைபடத்தில் ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 5 மைல். அதை எபெரான் வரைபடத்தின் அளவுக்கு இழுக்காதீங்க. அப்படியே வெட்டி மலை அடிவாரத்தில் ஒட்டுங்க, பயண நாட்கள் கெடாது. மின்னல் ரயில், புத்தகத்தில் பயணம் தொடங்கும் நகரமான நெவர்விண்டர் இடத்தில் இருக்கிற ஊரோட நிக்கட்டும், மிச்ச வழிக்கு மாட்டு வண்டி.