புல்லு மருந்துக்குப் "பழகிற்று" என்பது சரியா? வயலில் இயற்கைத் தேர்வு பற்றி ஒரு கேள்வி

களுதாவளை மாணவி

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர உயிரியலில் இப்போது கூர்ப்பு அலகு நடக்கிறது. இயற்கைத் தேர்வுக்கு இங்கிலாந்து விட்டிலும் கலாபகசுத் தீவுக் குருவியும்தான் உதாரணமாக வருகின்றன. எங்கள் பக்கத்து வயல்களில் ஒரு விசயம் நடக்கிறது, அது இதற்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டும். நாலைந்து வருடமாக ஒரே களைகொல்லி அடிக்கிறார்கள். முதலில் கோழிச்சூடன் என்ற களைப்புல் முழுதாகச் செத்தது. இப்போது அளவைக் கூட்டி அடித்தும் திட்டுத் திட்டாக நிற்கிறது. வயல்காரர் எல்லாரும் "புல்லு மருந்துக்குப் பழகிற்று" என்கிறார்கள். "பழகிற்று" என்று பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது என்கிறார் சேர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதிர்ப்பு வந்ததா, மருந்துதான் சரியில்லையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

படுவான்கரை வேளாண்மை

தங்கச்சி, உங்கள் சேர் சொல்வது சரி. எந்த ஒரு கோழிச்சூடன் செடியும் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகுவதில்லை. சாகிற செடி சாகும், தப்புகிற செடி தப்பும். மாறுவது செடி இல்லை, வயலில் நிற்கும் குடித்தொகை. தப்பியதன் விதைதான் அடுத்த போகத்தில் முளைக்கிறது. மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்ததைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எண்கள் கணக்குக்காக வைத்தவை. பத்து ஏக்கர் வட்டையில், அதாவது வயல் தொகுதியில், சதுர மீற்றருக்கு 50 கோழிச்சூடன் முளைக்கிறது என்று எடுங்கள். ஏக்கர் 4,047 சதுர மீற்றர், ஆகவே மொத்தம் ஏறக்குறைய 20 இலட்சம் செடி. பத்து இலட்சத்தில் ஒன்றுக்குத் தற்செயலாக மருந்தைத் தாங்க வைக்கும் விகாரம் (பரம்பரையில் வரும் மாற்றம்) இருந்தால், மருந்து அடித்த பிறகு நிற்பது இரண்டே செடி. யார் கண்ணிலும் படாது. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதில் 50 மட்டும் அடுத்த போகத்தில் முளைத்து வளர்கிறது என்றால் 100 செடி, ஏக்கருக்குப் பத்து. அப்போதும் "வரம்பு ஓரத்தில் மருந்து படவில்லை" என்று விட்டுவிடுவார்கள். மூன்றாம் போகம் 5,000. நாலாம் போகம் 2,50,000, அதாவது சதுர மீற்றருக்கு ஆறு. பெரும்போகமும் சிறுபோகமும் செய்கிற இடத்தில் இது இரண்டு வருடக் கதை. நிலத்துக்குள் கிடக்கும் பழைய விதை எதிர்ப்பில்லாத செடிகளையும் தொடர்ந்து முளைக்க வைப்பதால் உண்மையில் கொஞ்சம் தாமதமாகும். திடீரென்று வந்ததுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான். முதல் மூன்று போகமும் அது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

புறப்பனில் என்ற மருந்தின் கதை இதற்கு மிகப் பொருத்தம். நெல்லுக்குள் நின்றுகொண்டே அது எப்படிக் களையை மட்டும் கொன்றது? நெல்லின் இலையில் ஆரைல் அசைலமிடேஸ் என்ற நொதியம் நிறைய உண்டு. அது புறப்பனிலை உடைத்து 3,4-டைகுளோரோஅனிலின் ஆக்கிவிடும். கோழிச்சூடனில் அந்த நொதியத் தொழிற்பாடு மிகக் குறைவு, அதனால் அது கருகியது. 1990களின் இறுதியில் இலங்கையிலும் புறப்பனிலுக்குச் சாகாத கோழிச்சூடன் பதிவானது. வேறு நாடுகளில் இப்படித் தப்பிய வகைகளைச் சோதித்தபோது தெரிந்தது என்னவென்றால், அதே நொதியம் அவற்றில் கூடுதலாக வேலை செய்தது. நெல் தப்பிய அதே வழியால் களையும் தப்பியது. கார்பரில் போன்ற பூச்சிநாசினியை புறப்பனிலோடு கலந்து அடித்தால் நெல்லே கருகும். பூச்சிநாசினி அந்த நொதியத்தை முடக்குவதுதான் காரணம்.

சம்மாந்துறைப் பூச்சியியல்

மேலே சொன்னதற்கு இரண்டு விசயம் சேர்க்க வேண்டும்.

ஒன்று, "பழகுதல்" என்று உயிரியலில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு தனியன் தன் வாழ்நாளில் சூழலுக்கு ஏற்ப உடற்றொழிலை மாற்றிக்கொள்வது உண்டு, அது பிள்ளைக்குப் போகாது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் கைவிட்ட தோணியிலும் பாவிக்காத கிணற்றிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள். உவர்ப்பு ஆயிரத்தில் 15 பங்கு வரை, கடல்நீர் ஏறக்குறைய 35. அந்தக் குடம்பி அந்த நீரில் வளர்ந்ததால் தாங்குகிறதா, அதன் வம்சமே தாங்குகிறதா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது. உவர்நீரில் பிடித்ததையும் நன்னீரில் பிடித்ததையும் பல தலைமுறைக்கு ஒரே நன்னீரில் வளர்த்து, பிறகு இரண்டையும் ஒரே உவர்ப்பில் விட வேண்டும். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது பரம்பரை, அங்கே தேர்வு நடந்திருக்கிறது. மறைந்தால் வெறும் பழக்கம். இந்த ஒரு சோதனையை விளங்கிக்கொண்டால் பரீட்சையில் இந்த இடத்தில் பிழைக்காது.

இரண்டாவது, எதிர்ப்பு எல்லாம் ஒரே விகாரத்தால் வருவதில்லை. மருந்து பிடிக்கும் நொதியத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே சில மருந்துகள் ஒட்டாமல் போகும். அப்படிப்பட்ட செடி அளவை இரட்டித்தாலும் நிற்கும். இன்னொரு வகை, பல பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் சிதைக்க உதவுவது. இதை வளர்த்துவிடுவது குறைந்த அளவு. லேபலில் உள்ளதில் பாதியை அடித்தால் அரைகுறையாகத் தாங்குகிற செடிகள் எல்லாம் பிழைத்து, தங்களுக்குள் கலந்து, அடுத்த தலைமுறையில் இன்னும் கூடத் தாங்குகிற பிள்ளைகளைத் தரும். கோழிச்சூடன் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது, ஆனாலும் முழுக்க இல்லை. ஆகவே மருந்தைக் குறைத்து அடிப்பது சிக்கனம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்கரைப்பற்று நெல்

பூச்சியிலும் இதே கதைதான், அதில் நம் நாட்டு நெல்லுக்கு ஒரு பங்கு உண்டு. அறக்கொட்டியான், புத்தகத்தில் கபிலத் தத்தி, நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சுவது. முட்டையிலிருந்து முட்டைக்கு ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை, ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தலைமுறை இவ்வளவு குறுகினால் தேர்வும் அவ்வளவு வேகம்.

பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐஆர் 26 என்ற இனம் 1973 இல் பிபிஎச்1 என்ற எதிர்ப்புப் பரம்பரையலகோடு வெளிவந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அதையும் தின்னும் தத்தி பெருகிவிட்டது. 1976 இல் வேறு பரம்பரையலகோடு ஐஆர் 36 வந்தது, 80களின் தொடக்கத்தில் அதுவும் சில இடங்களில் தளர்ந்தது. பிறகு 1982 இல் ஐஆர் 56. அதற்குரிய பிபிஎச்3 நம் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியில் இனங்காணப்பட்டது. ரத்து ஹீனட்டி பல காலம் தாக்குப்பிடித்ததற்கு அதில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்புப் பரம்பரையலகுகள் இருப்பது முக்கிய காரணம். ஒரே பூட்டைத் திறக்க ஒரு திறப்புப் போதும். மூன்று பூட்டு ஒன்றாகப் போட்டால் மூன்று திறப்பும் ஒரே தத்தியிடம் இருக்க வேண்டும், அது மிக அரிது.

ஆகவே ஒரு வட்டை முழுக்க ஒரே இனத்தை விதைப்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். அது தத்திக்கு ஒரே கேள்வித்தாளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுபோல. பழைய நெல்லினங்களின் விதையைக் காப்பதும் இதனால்தான் அவசியம்.

படுவான்கரை வேளாண்மை

எதிர்ப்பா இல்லையா என்று பார்க்கும் முறை கேட்டிருந்தீர்கள். பாடசாலையிலேயே செய்யலாம். ஆனால் மருந்து கலப்பதையும் அடிப்பதையும் விவசாயப் போதனாசிரியரோ பொறுப்பான பெரியவரோ கையுறை, முகமூடி போட்டுச் செய்ய வேண்டும், கிணற்றுக்குத் தூரத்தில்.

மருந்தில் தப்பிய செடிகளில் முப்பது வரையிலிருந்து முற்றிய விதை எடுங்கள். ஒரே செடியில் எடுத்தால் ஒரே குடும்பத்தைச் சோதிப்பதாகிவிடும். மருந்தே படாத ஒரு காணியிலிருந்தும் அதே அளவு விதை வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால் சோதனையே இல்லை. நிழலில் உலர்த்தி இரண்டு மூன்று மாதம் வையுங்கள், புது விதை உறங்குநிலையில் இருக்கும், முளைக்காது. வயல் அல்லாத இடத்து மண்ணை யோகட் கப்பில் நிரப்பி, அடியில் துளையிட்டு, பத்து விதை போட்டு, முளைத்ததும் ஐந்தை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு அளவுக்கும் நாலு கப்.

அளவுகள்: மருந்தில்லாத தண்ணீர், பிறகு லேபல் அளவின் கால், அரை, ஒன்று, இரண்டு, நாலு மடங்கு. நாலு மடங்குக் கரைசலை முதலில் கலக்கி, அதில் பாதியை எடுத்துச் சம அளவு தண்ணீர் விட்டால் இரண்டு மடங்கு, அப்படியே கீழே வரலாம். அடிக்கும்போது குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், இல்லாவிட்டால் குழாயில் மிஞ்சியது அடுத்ததைக் கெடுக்கும். ஏக்கருக்கு 16 லீற்றர் தாங்கி பத்து என்றால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 40 மில்லிலீற்றர். நிலத்தில் ஒரு சதுர மீற்றர் கோடு போட்டு, கப்பை அதற்குள் பரப்பி, அந்த 40 மில்லிலீற்றரைச் சீராக அடியுங்கள். செடி இரண்டு மூன்று இலையில் இருக்க வேண்டும். 21 ஆம் நாள் எண்ணுங்கள். மஞ்சளாவதை எண்ண வேண்டாம், நடுக்குருத்தில் புது இலை வருகிறதா என்று பாருங்கள்.

மருந்து படாத காணி விதை அரை அளவிலேயே செத்து, வயல் விதை முழு அளவிலும் இரண்டு மடங்கிலும் நின்றால் எதிர்ப்புத்தான். இரண்டும் நின்றால் மருந்து பழசு, அல்லது கலவை பிழை. இரண்டும் செத்தால் வயலில் அடித்த விதம் பிழை. பிந்தி அடித்திருப்பார்கள், தண்ணீரை வடிக்காமல் இலை மூழ்கியிருக்கும், அல்லது அடித்த கையோடு மழை பெய்திருக்கும். நம் பக்கம் கேட்கிற முறைப்பாடுகளில் இந்தக் கடைசி வகைதான் கூட என்பது என் எண்ணம்.

களுதாவளை மாணவி

மிக்க நன்றி. ஒன்றே ஒன்று: மருந்தை இரண்டு மூன்று போகம் விட்டால் புல்லு பழையபடி சாகிற வகையாக மாறிவிடுமா?

சம்மாந்துறைப் பூச்சியியல்

நிச்சயமில்லை, மகள். எதிர்ப்புக்குச் செடி கொடுக்கும் விலையைப் பொறுத்தது. ட்ரையசின் மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்த களைகளில் ஒளித்தொகுப்பே தளர்ந்துவிடும். மருந்தை நிறுத்தினால் சாதாரண செடி அதை முந்தும். செடி அமினோ அமிலம் ஆக்க உதவும் ஏஎல்எஸ் என்ற நொதியத்தைத் தாக்கும் மருந்துகளில், நெல்லுக்கு அடிக்கும் பிஸ்பைரிபக் என்ற களைகொல்லி அந்த வகைதான், பல விகாரங்களுக்கு விலை மிகச் சொற்பம். அங்கே முந்துவதற்கு ஆளில்லை, எதிர்ப்பு அப்படியே கிடக்கும். மலேரியா நுளம்பிலும் இதைக் கண்டார்கள். இலங்கையில் டிடிரி என்ற பூச்சிநாசினி 1970களில் கைவிடப்பட்டு மலத்தியன் வந்தது, 1982 இல் மலத்தியனுக்கும் எதிர்ப்பு. டிடிரியை விட்டுப் பல பத்தாண்டு கழித்துச் சோதித்தபோதும் அதற்கான எதிர்ப்புக் கூடுதலாகவே இருந்தது.

அக்கரைப்பற்று நெல்

அதனால் காத்திருக்காமல் விதையை நிறுத்துவதே வழி. முதல் உழவுக்குப் பிறகு ஈரம் விட்டு 10 முதல் 14 நாள் களையை முளைக்க விட்டு, மடக்கி உழுங்கள். நெல் நிமிர்ந்ததும் ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் நிறுத்தினால் பிந்தி முளைப்பது அமுங்கும். அடுத்த வயலுக்குப் போகுமுன் வெட்டு மெசினைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள், களைநெல் விதை வட்டை விட்டு வட்டை போனதும் பெரும்பாலும் இந்த வழியால்தான்.

தப்பிய செடியைக் கதிர் விடுமுன் கையால் பிடுங்க வேண்டும். அதிலும் தேர்வு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்க வயல்களில் மனிதர் கைக்களை எடுத்தே, நெல்போல நிமிர்ந்து நிற்கும் கோழிச்சூடனை ஏறக்குறைய ஆயிரம் வருடத்தில் உருவாக்கிவிட்டார்கள் என்று 2019 இல் மரபணு ஆய்வு காட்டியது. வித்தியாசமாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள், நெல்லை ஒத்தது தப்பியது. ஆகவே தோற்றத்தைப் பார்த்துப் பிடுங்காமல், இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெள்ளைச் சவ்வு நாக்கும் இரு பக்கமும் மயிர் உள்ள சிறு காதும் இருக்கும். கோழிச்சூடனுக்கு அந்த இடம் வெறுமை.