பால் வங்கியா, சித்தி மடியா? கைக்குழந்தைக்கு இன்னொரு தாயின் பால்

குடமுருட்டி:
தாய் ஐசியூவில. பிள்ளை நிறைமாசம், 2.8 கிலோ, நல்லா சப்புது. அதே வீட்டில நாலு மாசக் குழந்தையோட சித்தி இருக்கா. இப்படி இருக்கிறப்போ டின் பவுடர் வாங்க ஓடுறதைவிட, சித்தி நேரா பால் கொடுக்கிறதுதான் சரி. உலக சுகாதார நிறுவனத்தோட 2003 வழிகாட்டுதல்லயே ஆரோக்கியமான வேறொரு தாயோட பாலும் ஒரு வழியா இருக்கு. நம்ம ஊர்ல முன்னாடி சகஜமா நடந்ததுதான். இப்போ கூச்சப்பட்டு நிறுத்திட்டு பவுடரைத் தண்ணியா கரைச்சு ஊத்துறோம்.

அரசலாறு:
அந்த ‘ஆரோக்கியமான’ங்கிறதை யார் முடிவு பண்றது சார்? எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட்) மூணும் பாக்காம ஒரு வாய் கூட கொடுக்கக் கூடாது. இது ஒருவழிப் பாதையும் இல்ல. காம்புல வெடிப்பு இருந்து, பிள்ளைக்கு எச்.ஐ.வி.யோ சிபிலிஸோ இருந்தா, பிள்ளைகிட்டேருந்து சித்திக்கும் வரலாம். அதனால பெத்தவளோட ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பாக்கணும். சித்தி வெத்தலையோட புகையிலை போடுறவளா, என்ன மாத்திரை சாப்பிடறாங்கிறதையும் கேளுங்க. நிக்கோட்டின் பால்ல இறங்கும். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மருந்துன்னா பேச்சே வேண்டாம்.

குடமுருட்டி:
டெஸ்ட் பண்றது ஒண்ணும் மலையில்ல மேடம். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம். சித்தி கர்ப்பமா இருந்தப்போ எடுத்த ரிப்போர்ட்டும் கையில இருக்குமே.

அரசலாறு:
அது அன்னைக்கு நிலவரம். தொத்து வந்து முதல் சில வாரம் டெஸ்ட்ல தெரியாமலே போகலாம். தாய்ப்பால் வங்கியில அந்த ஓட்டையை அடைக்கத்தான் பாலைச் சூடாக்குறாங்க. 62.5 டிகிரியில 30 நிமிஷம், உடனே குளிர வச்சு, கிருமி வளருதான்னு கல்ச்சர் பாத்து, மைனஸ் 20-ல வைக்கிறாங்க. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரியில வங்கி இருக்கு. கேட்டுப் பாக்காமலே சித்தி மடிக்குப் போறதுதான் எனக்கு இடிக்குது.

கடைமடை:
கேட்டா கிடைச்சிடுமா? வங்கிப் பால் முதல்ல போறது ஒன்றரை கிலோவுக்குக் கீழ பிறந்த குறைமாசப் பிள்ளைங்களுக்கு. பவுடரால வர்ற குடல் அழுகல் அந்தப் பிள்ளைங்களுக்குத்தான் உயிருக்கு ஆபத்து, அதனால அது நியாயமும்கூட. வேதாரண்யத்தில இருக்கிற 2.8 கிலோ பிள்ளைக்கு அதிலேருந்து மிஞ்சாது. 2018 கஜா புயலை மறந்துட்டீங்களா? நாள் கணக்கா கரண்ட் இல்லாத ஊர்ல மைனஸ் 20 எங்கேருந்து வரும்? சுத்தமான தண்ணி இல்லாத இடத்தில பவுடரும் விஷம்தான். பேரிடர் வழிகாட்டுதல்கள்ல வேறொரு தாய் நேரா கொடுக்கிறதைப் பவுடருக்கு முன்னாடி வச்சிருக்கிறது சும்மா இல்ல.

கூத்தாநல்லூர் பாய்:
எங்க பக்கம் இன்னொண்ணும் பாக்கணும். ரெண்டு வயசுக்குள்ள குடிச்சா பால்குடி உறவு வந்திடும், குடிச்ச பிள்ளையும் பால் கொடுத்தவளோட பிள்ளைங்களும் பிற்பாடு ஒருத்தரை ஒருத்தர் கல்யாணம் கட்ட முடியாது. ஷாஃபி மத்ஹப்ல (மார்க்கச் சட்டப் பிரிவு) அஞ்சு தடவை தனித்தனியா குடிச்சிருக்கணும், ஹனஃபில ஒரு தடவையே போதும். சங்குல ஊத்தினாலும் இதே கணக்குதான். அதனால யார் பால், எந்தத் தேதி, எத்தனை தடவைன்னு ரெண்டு வீட்டிலயும் எழுதி வச்சுக்கணும். பல பேர் பாலை ஒண்ணா கலக்குற வங்கியில இதுக்கு வழி இல்லேங்கிறதால எங்காளுங்க தயங்குறாங்க. தெரிஞ்ச சித்தின்னா சிக்கலே இல்ல.

வெண்ணாறு:
ரெண்டு பக்கமும் பெத்தவளை மறந்துட்டீங்க. சித்தி பால் நல்லா ஓடுதுன்னு எல்லாரும் நிம்மதியா இருக்கிறப்போ பெத்தவளுக்குப் பால் வத்திடும். ஐசியூவில நினைவு இருந்து டாக்டரும் சரின்னா மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பீய்ச்சி எடுக்கணும். ராத்திரியும் சேர்த்து நாளைக்கு எட்டு தடவை. முதல் ரெண்டு நாள் சொட்டுதான் வரும், அதையும் சங்குல பிள்ளைக்குக் கொடுங்க. பால்சுறா புட்டு, பூண்டெல்லாம் தாராளமா சாப்பிடட்டும், ஆனா பீய்ச்சாத மார்ல புட்டு ஒண்ணும் பண்ணாது.

சித்தி பக்கமும் கவனம் வேணும். நாலு மாசத்தில பால் பீறிட்டு வரும், பச்சைப் பிள்ளைக்குப் புரையேறும். அவ குழந்தை ஒரு பக்கம் குடிச்சு முதல் வேகம் அடங்கினதும் அதே பக்கம் இந்தப் பிள்ளையை விடணும், சித்தி சாய்ஞ்சு உக்காரணும். முதல் நாள் பிள்ளை ஒரு டீஸ்பூன் அளவு குடிச்சிட்டுத் தூங்கினா பயந்து திணிக்காதீங்க. முதல் வாரம் தாண்டினா ரெண்டு குழந்தையும் நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகணும். சித்தி குழந்தை எடை நின்னு போச்சுன்னா நிறுத்திடணும். அந்தப் பாலுக்கு முதல் சொந்தக்காரன் அவன்தான்.

குடமுருட்டி:
ஒத்துக்கிறேன் அக்கா. சந்தேகம் இருந்தா சித்தி பாலைப் பீய்ச்சி வீட்டிலயே சுட வச்சுக் கொடுக்கலாமே அரசலாறு மேடம்?

அரசலாறு:
அடுப்பில நேரா காய்ச்சாதீங்க. கண்ணாடி பாட்டில்ல பாலை ஊத்தி, அதுக்கு ரெண்டு விரல் மேல தண்ணி நிக்கிற மாதிரி பாத்திரத்தில வச்சு, தண்ணி தளதளன்னு கொதிச்ச உடனே எடுத்திடணும். எச்.ஐ.வி. உள்ள தாய் தன் பாலையே சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வந்த முறை அது. எச்.ஐ.வி. வைரஸ் சாகும். ஆனா கை கழுவாம எடுத்து, சித்திரை வெயில்ல வெளிய கிடந்த பால்ல ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற கிருமி விட்ட நச்சு சூட்டில போகாது.

கடைமடை:
அப்போ நேரா கொடுக்கிறதே மேல்னு நீங்களே சொல்றீங்க.

அரசலாறு:
ரிப்போர்ட் புதுசா இருந்தா, பிள்ளை நிறைமாசமா இருந்தா, காசு கைமாறாம இருந்தா, சரி. மனிதப் பாலை விக்க அனுமதியே இல்லேன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாசம் சொல்லியாச்சு. பிள்ளை நாக்கையும் பாருங்க. வெள்ளைப் படிவு துணியால தொடச்சும் போகலேன்னா அது பூஞ்சை, சித்தி காம்பு வழியா அவ குழந்தைக்கும் போகும். குறைமாசப் பிள்ளைக்குன்னா நான் வங்கியை விட்டு நகர மாட்டேன்.

குடமுருட்டி:
குறைமாசப் பிள்ளைக்கு நானும் கேக்கல மேடம்.