பிளட் ஹார்மனி: ‘உடன்குரல்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எவர்லி சகோதரர்கள், லூவின் சகோதரர்கள் போன்ற அண்ணன் தம்பி ஜோடிகளின் பாட்டை அமெரிக்காவில் ‘பிளட் ஹார்மனி’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த ‘குருதி ஒத்திசை’ எனக்கு ஒட்டவில்லை. மருத்துவச் சொல் போல ஒலிக்கிறது. அதைவிட, அந்தப் பாட்டில் நடப்பதை அது சொல்லவில்லை.

டான் எவர்லி மெட்டைப் பிடிக்க, தம்பி பில் பெரும்பாலும் மூன்றாம் சுர இடைவெளியில் (மெட்டின் சுரத்தை ஒன்று என எண்ணினால் மூன்றாவது சுரத்தில்) மேலே கூடவே போவார். இடைவெளியை யாரும் கற்றுக்கொள்ளலாம். உயிரெழுத்தை எவ்வளவு நீட்டுவது, சொல்லை எங்கே முடிப்பது, மூச்சை எங்கே எடுப்பது என்பதெல்லாம் இருவருக்கும் ஒன்றாக அமைவதுதான் அரிது. அது ஒரே வீட்டுப் பேச்சில் வளர்ந்ததால் வருவது. சிறுவயதிலேயே அயோவாவின் ஷெனண்டோவா வானொலியில் அப்பா ஐக்கோடு பாடியவர்கள் அவர்கள். 1957இல் அவர்களுடைய ‘பை பை லவ்’ பாடல் வெளிவந்தபோது அதற்குப் பின்னால் அத்தனை வருடப் பழக்கம் இருந்தது.

லூவின்களிடம் இது இன்னும் துலக்கம். அலபாமாவில் சேக்ரட் ஹார்ப் என்னும் கிறிஸ்தவக் கூட்டுப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள். மெட்டு பெரும்பாலும் சார்லியிடம், உச்சக்குரல் ஐராவிடம். மெட்டு ரொம்ப மேலே ஏறினால் ஐரா அதை வாங்கிக்கொள்வார், சார்லி கீழே இறங்கி இணைந்துகொள்வார். அதுவும் வரியின் நடுவிலேயே! என்னைப் பொறுத்தவரை இந்த வகைப் பாட்டின் உச்சம் இதுதான்.

இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘கிளைக்குரல்’ நல்ல யோசனை. கிளை என்றால் சுற்றம், பழந்தமிழ் இசையில் நரம்புகளின், அதாவது சுரங்களின், உறவும்கூட. ஆனால் அங்கே கிளை ஐந்தாம் நரம்பு. எவர்லிகள் விரும்பிப் பாடும் மூன்றாமிடம் அந்த இசையில் ‘பகை’, அதாவது பொருந்தாத உறவு, ஆயிற்றே! இசை படித்தவர்கள் குழம்புவார்கள். ‘இரட்டைக்குரல்’ என்றால் நியூ ஆர்லியன்ஸின் பாஸ்வெல் சகோதரிகள் வெளியே நின்றுவிடுவார்கள், அவர்கள் மூவர்.

‘உடன்குரல்’ என்பது என் பரிந்துரை. உடன்பிறப்பும் தெரிகிறது, உடன் செல்வதும் தெரிகிறது. அமெரிக்கப் பாடகர்கள் சைமன், கார்ஃபங்கல் இருவரும் எவர்லிகளைக் கேட்டுக் கற்றவர்கள், ஆனால் உடன்பிறந்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் பொதுவான ‘நெருக்க ஒத்திசை’ (குளோஸ் ஹார்மனி) போதும்.

அப்புறம், மெட்டோடு இணையும் அந்த இன்னொரு குரலுக்கும் சொல் வேண்டும். ‘மேற்குரல்’ சரிவராது, லூவின்களிடம் அது கீழேயும் இறங்குகிறது. ‘துணைக்குரல்’ என்றால் பின்னணி பாடுபவர் போலத் தாழ்ந்துவிடும். பில் பாடியதைத் தனியே கேட்டால் அதுவே ஒரு மெட்டாக நிற்கும். ‘இணைமெட்டு’ என்று வைக்கலாமா? கருத்துகளை எழுதுங்கள்.