இயக்கங்கள் வந்து போகின்றன, நம் கட்சிகள் மாறினவா?

ஹட்டன் பொடியன்:
2018 அக்டோபரில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டுக் கறுப்பு உடையில் கொழும்பு காலி முகத்திடலுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்த மலையகம் 200க்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எத்தனையோ பேர் நடந்தார்கள். இதெல்லாம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பினால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அதே சங்கத் தலைவர், தேர்தல் மேடையில் அதே முகங்கள். இப்படிப்பட்ட இயக்கங்கள் பழைய கட்சிகளை உண்மையிலேயே மாற்றுகின்றனவா? உதாரணத்தோடு சொல்லுங்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பொகவந்தலாவை மாமா:
மாற்றும் தம்பி, ஆனால் ஆள் மாறுவதற்கு முன் பேச்சு மாறும். 1989இல் சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினபோது சம்பளத்தோடு நிறுத்தாமல் காணி, வீடு, நாங்கள் தனித் தேசிய இனம் என்றெல்லாம் பேசினார்கள். பழைய பெரிய சங்கமும் கட்சியுமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸில் (இ.தொ.கா.) இடம் கிடைக்காத, லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் வளர்ந்த படித்த பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். 1994இல் அவர் நாடாளுமன்றம் போய்ப் பிரதி அமைச்சரும் ஆனார், அப்புறம் முன்னணியும் மற்றக் கட்சிகளைப் போலவே ஆகிவிட்டது, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் போட்ட பேச்சு போகவில்லை. அதுவரை லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றித் தருவதே பெரிய வாக்குறுதி. 2015க்குப் பிறகு பாருங்கள், 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்று சொல்லாமல் எந்தக் கட்சியும் வாக்குக் கேட்டு வர முடியவில்லை.

மஸ்கெலியா அக்கா:
மாமா சொல்வது சரி, ஆனால் சம்பள விஷயத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. ஆயிரம் ரூபாயை முதலில் கேட்டதே தொழிற்சங்கங்கள்தான், கேட்டுவிட்டு 2016இல் படிகளெல்லாம் சேர்த்து 730க்குக் கையெழுத்து வைத்தார்கள், உங்கள் போராட்டத்துக்குப் பிறகு 2019இல் அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோபம் அடங்காததால்தான் 2021இல் சங்கங்களும் தோட்டக் கம்பெனிகளும் போடும் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு அரசின் சம்பள நிர்ணய சபைக்குப் போக வேண்டி வந்தது, ஆயிரம் அங்கேதான் கிடைத்தது. 2024இல் 1350உம் அதே வழியில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதுதான் பெரிய சங்கங்களின் பலமாக இருந்தது. அது கையை விட்டுப் போன பிறகு, மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா எதற்கு என்று சம்பளச் சிட்டையைக் காட்டிக் கேட்கிற பெண்களை எங்கள் தோட்டத்து டிவிசனில் பார்க்கிறேன்.

பதுளை ஆசிரியர்:
வாக்கிலும் தெரிந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவின் 8 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 5 எடுத்தது, இ.தொ.கா. யானைச் சின்னத்தில் ஒன்றோடு நின்றது. மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போனதும் அந்தத் தேர்தலில்தான், அதுவும் பழைய கட்சிகளிலிருந்து அல்ல. கொழுந்து எடுப்பதில் பெரும்பாலும் பெண்கள், ஆனால் தோட்டக் கமிட்டியில் மாதர் சங்கத் தலைவி பதவியோடு அவர்களை நிறுத்திவிடுகிறோம். புதிதாக வந்தவர்களும் காணி உறுதியைக் கையில் தராவிட்டால் அடுத்த முறை நம் சனம் அவர்களையும் கேட்கும், கேட்கவும் வேண்டும். தம்பி, உங்கள் தோட்டத்தில் கமிட்டி கடைசியாக எப்போது மாறியது?

ஹட்டன் பொடியன்:
எனக்கு நினைவு தெரிந்து மாறவே இல்லை சேர். தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மஸ்கெலியா அக்கா, உங்கள் டிவிசனில் சந்தாவை நிறுத்தச் சொல்லித் தோட்டத் துரைக்கு (மேலாளருக்கு) கடிதம் கொடுத்தவர்கள் இருந்தால் எப்படி எழுதினார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?