லுகேமியாவில் காணும் குரோமோசோம் மாற்றங்களுக்கு ‘உடற்செல் பிறழ்வு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோயில், பெற்றோரிடமிருந்து வராமல் நோயாளியின் சில செல்களில் மட்டும் தோன்றும் குரோமோசோம் மாற்றங்களுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்பதே நம் கேள்வி. அவற்றைக் ‘குரோமோசோம் குறைபாடு’ என்று அழைக்கும் முன்மொழிவை ஏற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். குறைபாடு என்றதும் ஏதோ ஒன்று இல்லாமற்போனதாகவே படிப்பவர் கொள்வார். ஏழாம் குரோமோசோம்களுள் ஒன்று முழுதாக மறைந்துவிடும் நிலைக்கு அது பொருந்தும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் என்ற வகை லுகேமியாவில் 46 என்ற இயல்பான எண்ணிக்கையைத் தாண்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் ஒரே செல்லில் இருப்பதும் உண்டு.

பிலடெல்பியா குரோமோசோம் எனப்படும், குறுகிப்போன 22ஆம் குரோமோசோமின் வரலாறும் இதையே சொல்கிறது. 1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாள்பட்ட மையலாய்டு லுகேமியா என்ற வகையில் அந்தச் சிறிய குரோமோசோமைக் கண்டபோது, அது தன் பகுதியை இழந்துவிட்டதாகவே தோன்றியது. காணாமற்போன துண்டு 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருப்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். 9க்கும் 22க்கும் இடையே நிகழும் இப்பரிமாற்றத்தில் ஏபிஎல், பிசிஆர் மரபணுக்கள் இணைந்து, செல்லை ஓயாமல் பெருகத் தூண்டும் புதிய புரதம் பிறக்கிறது. இமாட்டினிப் மருந்து தடுப்பது அந்தப் புரதத்தைத்தான். ஆகவே கூடுதல், இழப்பு, இடமாற்றம் அனைத்தையும் தாங்கவல்ல ‘பிறழ்வு’ என்பதே தகும்.

இது மரபுவழி வந்ததன்று என்று காட்டப் ‘பிறழ்வு’க்கு முன் சேர்க்கும் அடைமொழியில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. ‘பெறப்பட்ட பிறழ்வு’ என்றால், பெற்றோரிடமிருந்து பெறப்பட்டது என்ற நேர்மாறான பொருளே முதலில் தோன்றும். நோயுற்ற குழந்தையின் தாய் அச்சொல்லைப் படித்துவிட்டுத் தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொள்ள நாம் காரணமாகக் கூடாது. ‘பிறந்தபின் தோன்றிய’ என்பதும் சரியன்று. குழந்தைகளின் லுகேமியாவில் 12ஆம் குரோமோசோமுக்கும் 21ஆம் குரோமோசோமுக்கும் இடையிலான இடமாற்றம் பல நேரங்களில் கருப்பையிலேயே, ஆனால் ஒரேயொரு இரத்த முன்னோடிச் செல்லில், நிகழ்ந்துவிடுகிறது. எப்போது நிகழ்ந்தது என்பதைவிட எந்தச் செல்லில் நிகழ்ந்தது என்பதே இங்கு அடிப்படை வேறுபாடு. அதனால் இனச்செல்லுக்கு (கருமுட்டை, விந்தணு) எதிர்ச்சொல்லாகப் பாடநூல்களில் பழகிய உடற்செல்லைக் கொண்டு, ‘உடற்செல் குரோமோசோம் பிறழ்வு’ என்று அமைக்கலாம்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு லுகேமியா வரும்போது இதன் பயன் தெளிவாகும். கூடுதலான 21ஆம் குரோமோசோம் அக்குழந்தையின் பிறவிப் பிறழ்வு. புற்றுச் செல்களில் மட்டும் பின்னர்ச் சேரும் மாற்றங்கள் உடற்செல் பிறழ்வுகள். ஒரே ஆய்வறிக்கையில் இரண்டையும் எழுத நேர்ந்தாலும் குழப்பம் வராது.