அப்பாவின் காலில் வந்த நோகாத கட்டி

அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி அப்போது 4 வருடம். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளான டக்ரோலிமஸ், பிரட்னிசலோன் இரண்டையும் ஒரு நாளும் தவற விடமாட்டார். ஆனால் வயலுக்குப் போகாதீர்கள் என்றால் மட்டும் கேட்கிற ஆளில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) வேலி கட்டும்போது கணுக்காலுக்கு மேலே முள் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்லவே இல்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அதே இடத்தில் கொட்டைப்பாக்களவு கட்டி. தோல் கொஞ்சம் கறுத்திருந்தது. சிவப்பில்லை, சூடில்லை, அழுத்தினாலும் நோவில்லை. “நோகாத கட்டிக்கு ஏன் மனே டொக்டர்?” என்றார். நாங்களும் விட்டுவிட்டோம், அதுதான் பிழை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசை போடுகிறவர்களின் உடம்பு கிருமியோடு சரியாகச் சண்டை பிடிக்காது. நோவும் சிவப்பும் இல்லாமலே உள்ளுக்குள் வளர்ந்துகொண்டு போகும். அப்புறம் ஒரு பார்மசியில் தந்த ஸ்டீரொய்ட் கிறீம், இன்னோர் இடத்தில் 2 தரம் அன்டிபயோட்டிக். கட்டி பெருத்தது, பக்கத்தில் இன்னொன்றும் கிளம்பியது.

தோல் டொக்டர் கட்டியைத் தொட முன்னமே கேட்டார்: என்ன குளிசை போடுகிறீர்கள், அந்த இடத்தில் முள், தடி ஏதும் குத்தியதா? அப்போதுதான் முள் கதை வெளியே வந்தது. சதைத் துண்டு 2 எடுத்தார்கள், ஒன்று போமலினுக்குள், மற்றது சேலைன் என்கிற உப்புத் தண்ணிக்குள். போமலினில் போட்டால் பங்கசு (பூஞ்சை) செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது என்று தாதி விளங்கப்படுத்தினார். சேலைன் துண்டு கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. பங்கசு மெல்லத்தான் வளரும் என்பதால் முடிவுக்குக் கிழமைக் கணக்கில் காத்திருந்தோம். மண்ணிலும் உக்கிய தடியிலும் முள்ளிலும் இருக்கும் கறுப்புப் பங்கசு என்று வந்தது. ஆளுக்கு ஆள் தொற்றாதாம். அதுவரை அப்பாவின் கோப்பையையும் பாயையும் வேறாக்கி வைத்திருந்த அம்மா, அன்றே எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்.

கட்டிகளை வெட்டி எடுத்து, பங்கசைக் கொல்லும் இட்ரகொனசோல் மருந்து தொடங்கினார்கள். ஒரு கிழமையில், அப்பா தேத்தண்ணி குடிக்கக் கோப்பையைத் தூக்கினால் விளிம்பால் வழிந்து சாரத்தில் ஊற்றும். கை அப்படி நடுங்கியது. வயசு என்று நினைத்தோம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் டக்ரோலிமஸ் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இட்ரகொனசோல் அந்தக் குளிசையை உடம்பில் உடைய விடாது. டக்ரோலிமஸ் அளவைக் குறைக்காவிட்டால் மாற்றிய சிறுநீரகத்துக்கே கேடு. தோல் கிளினிக் கொப்பி வேறு, சிறுநீரகக் கிளினிக் கொப்பி வேறு. இரண்டையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை வாசித்துவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

எங்கள் உம்மாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மூட்டுவாதத்துக்குப் பிரட்னிசலோன், அதோடு சீனி வருத்தம். காலில் படர்தாமரை வந்தபோது குளோபெட்டசோல் என்கிற ஸ்டீரொய்ட் கிறீம் பூசினோம். அரிப்பு அடங்கியது, வட்டமும் மங்கியது. சுகமாகிவிட்டது என்று சந்தோசப்பட்டோம். பிறகு மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கட்டிகள். படர்தாமரைப் பங்கசுதான் மயிர்க்கால் வழியே உள்ளே இறங்கியிருந்தது. பூச்சு மருந்து அவ்வளவு ஆழம் போகாது என்று டேர்பினபின் குளிசை தந்தார்கள். உங்கள் அப்பா காஸ்ட்ரிக் குளிசையும் போடுகிறாரா?

பதில்:

போட்டார் சகோதரி, நல்ல வேளை கேட்டீர்கள். இட்ரகொனசோல் கெப்சியூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் என்கிற காஸ்ட்ரிக் குளிசை போட்டால் சரியாகச் சேராது. டொக்டரிடம் சொன்னதும் அதை மாற்றித் தந்தார். சோறு தின்ற கையோடு கெப்சியூலை விழுங்குவார். வயலை இன்னும் விடவில்லை, ஆனால் முழங்கால் வரை பூட்ஸ் போடுகிறார். திரும்பி வந்தால் கிணற்றடியில் காலைக் கழுவி, அம்மாவிடம் இரண்டு காலையும் காட்டிய பிறகுதான் வீட்டுக்குள் வரலாம்.