தளம் போட்ட அன்னைக்கு கான்கிரீட் கலக்குற மெஷின் நின்னுபோச்சு: உங்க சைட்டுல எப்படி?

புதுக்கோட்டையிலிருந்து:
போன பங்குனியில எங்க வீட்டுக்கு மேல்தளம் போட்டோம். 750 சதுர அடி, 5 இன்ச் கனம். பீமையும் சேர்த்து 85 மூட்டை சிமெண்ட் ஆகும்னு மேஸ்திரி சொன்னார். தடவைக்கு ஒரு மூட்டை கலக்குற மிக்சர், பக்கத்துல கலவையை மேல ஏத்துற லிஃப்ட். காலையில ஆறரைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பிச்சாச்சு.

எனக்கு ஒரே வேலை, தண்ணி. ரெண்டு பெயிண்ட் வாளியில இன்ஜினியர் முந்தின நாளே கோடு போட்டுக் கொடுத்திருந்தார். மூட்டைக்கு 25 லிட்டர், எம்-சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்குற மணல்) ஈரமா இருந்தா அதுலயும் குறைக்கணும். ஒரு தடவை கலக்கி இறக்குறது ஒரு ஓட்டம். முதல் பத்து ஓட்டம் ஒழுங்காப் போச்சு. அப்புறம் மேலருந்து சத்தம்: "கெட்டியா வருது, இளக்கி விடுப்பா!" மெஷின்காரர் தண்ணி டியூபை எடுத்து டிரம்முக்குள்ள பிடிச்சுட்டார். அதுவரைக்கும் தொம்முதொம்முன்னு விழுந்துட்டு இருந்த கலவை சளக்சளக்னு பேச ஆரம்பிச்சது.

"அண்ணே, கோடு போட்ட வாளி எதுக்குண்ணே இருக்கு?"

"கம்பிக்குள்ள இறங்க வேணாமா சார்?"

அதுக்குத்தானே கலவையை அதிர வச்சு இறக்குற வைப்ரேட்டரை வாடகைக்கு எடுத்தோம்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு நாலு ஓட்டம் அப்படியே மேல ஏறிடுச்சு. அப்புறம் டியூபைப் பிடுங்கி நானே வச்சுக்கிட்டேன்.

பதினோரு மணிக்கு, 52-வது மூட்டையில, பெல்ட் அறுந்துச்சு. ஸ்பேர் கிடையாது. டிரம்முல இருந்ததை மண்வெட்டியால வழிச்சு மேல அனுப்பினோம். போன்ல இன்ஜினியர், "ஓரத்தைச் சரிவா விடாதீங்க. ரெண்டு சுவருக்கும் நடுவாப் பலகை வச்சு செங்குத்தா நிறுத்துங்க"ன்னார். டவுனுக்குப் போய் பெல்ட் வாங்கி மாட்ட ரெண்டேகால் மணி நேரம். பலகையை எடுத்து, ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால சுரண்டி, நனைச்சு, தண்ணியில கரைச்ச சிமெண்ட் பால் ஊத்தித்தான் மறுபடி தொடங்கினோம்.

ஐப்பசி மழையில அந்த இணைப்புல ஒரு சொட்டு இறங்கல. டியூப் பிடிச்ச கலவை விழுந்த சமையலறை மூலையிலதான் மயிர்க்கோடா ஒரு வெடிப்பு. காரணம் அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. என் சந்தேகம் அது மேலதான்.

தருமபுரியிலிருந்து:
நான் சின்னதா கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யறவன். டியூப் கதை எல்லா சைட்டுலயும் உண்டு. என் சண்டை பாண்டுல (சட்டியில) அள்ளிப் போடுற கணக்கோட. எம்20 தர கான்கிரீட்டுக்கு சிமெண்ட் ஒண்ணு, மணல் ஒன்றரை, ஜல்லி மூணுன்னு வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா காலையில குவியலா விழுற ஜல்லிப் பாண்டு, வெயில் ஏறினதும் தலைதட்டித்தான் விழும். ஆளு களைச்சுப் போறான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அதனால பெட்டி செஞ்சு வச்சிருக்கேன். ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 1.25 கன அடி, பெட்டியும் அதே அளவு. மணல் ஒன்றரைப் பெட்டி, முக்கால் இன்ச் ஜல்லி மூணு பெட்டி. முதல் ஓட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் சிமெண்ட் கூட, ஏன்னா காய்ஞ்ச டிரம் பாலைக் குடிச்சுடும். எல்லாம் உள்ள போன பிறகு ரெண்டு நிமிஷமாவது சுத்தணும்.

இவ்வளவு பேசற என் சைட்டுலயே ஒரு தடவை சிமெண்டே போடாம ஒரு ஓட்டம் மேல போயிருக்கு. நான் போன் பேசப் போயிருந்தேன். நிறத்தைப் பார்த்துக் கொத்தனார்தான் கண்டுபிடிச்சார். அப்படியே அள்ளிக் கீழ கொட்டினோம்.

திருவாரூரிலிருந்து:
எங்கம்மா இருபது வருஷம் சித்தாள். மெஷினுக்கு ஜல்லி கொட்டுற இடத்துல நின்னவங்க. சேலைக்கு மேல அப்பாவோட முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை உள்ள சொருகித்தான் வேலைக்குப் போவாங்க. சின்ன வயசுல வெயிலுக்குன்னு நினைச்சிருந்தேன். கூட வேலை செஞ்ச ஒரு அக்காவோட முந்தானை பெல்ட்டுல சிக்கி, மெஷின்காரர் சட்டுனு இன்ஜினை நிறுத்தினதால உயிர் தப்பிச்சாங்களாம். அதுக்கப்புறம் வந்த சட்டை அது. கான்கிரீட் நாள்னா ராத்திரி கை எரியும். சிமெண்ட் தோலைத் தின்னுடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு, சோத்தை ஸ்பூன்ல சாப்பிடுவாங்க. உங்க சைட்டுல கையுறை கொடுத்தீங்களா?

துபாயிலிருந்து:
இங்க லாரி மிக்சர்தான். கோடையில ராத்திரியில போடுவோம், கலவைத் தண்ணியில ஐஸ் சேர்ப்பாங்க. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லருந்து 3 மணி வரை வெயில்ல வேலை செய்யத் தடை. அப்படியும் லாரி டிராஃபிக்ல நின்னு வந்தா முதல்ல சீட்டுல கலவை போட்ட நேரத்தைத்தான் பார்ப்போம். ஒன்றரை மணி நேரம் தாண்டிட்டா திருப்பி அனுப்பிடுவோம். டிரைவர் கெஞ்சுவார், பாவமா இருக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து:
திருவாரூர் தம்பி, கொடுக்கல. மதியம் பிரியாணி போட்டேன், ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். கையுறை ஞாபகத்துக்கே வரல. வர்ற மாசம் மாடி ரூமுக்குத் தளம். ஸ்பேர் பெல்ட் வாங்கி வச்சிருக்கேன். கையுறை ரப்பர்ல வாங்கணுமா, துணி போதுமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு.